காலனி என்னும் சொல்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்து வருகிறேன். 1931-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற வண்டி அது. அதில் பக்கத்தில் வந்து அமர்கிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து, “எங்கே இறங்க வேண்டும்?” என்பார்கள். மூன்றாவதாக, “வீடு எந்தப் பக்கம்?” என்ற கேள்வி வரும். “தாம்பரம் இரயில்வே காலனி” என்று விடை வந்தால், கேட்டவர், “அப்படியா, தகப்பனார் இரயில்வேயில் இருந்தாரா?” என்று முகம் மலர்வார். “குரோம்பேட்டை நியூ காலனி” என்றாலோ, “நங்கநல்லூர் இந்து காலனி” என்றாலோ, “பழைய மனிதர்கள் இருக்கிற இடமாயிற்றே” என்று ஒரு மதிப்போடு சொல்வார். பேச்சு வளரும்.

அதே இருப்புப்பாதையில் தெற்கே செங்கற்பட்டு வரையில் போய்ப் பாருங்கள். வண்டலூரைத் தாண்டிய பிறகு கேள்வி சற்று மாறும். “எந்த ஊர்?” என்பார்கள். ஊர் தெரிந்ததும், “ஊரில் எந்தத் தெரு?” என்பார்கள். இந்த இரண்டாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் விளங்கும். அதற்கு ஓர் இளைஞன் தலையைத் தாழ்த்தி, “காலனி” என்று ஒரே சொல்லில் விடை சொன்னதையும், கேட்ட பெரியவர் அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் நான் கண்டிருக்கிறேன். வண்டி ஒன்று, பாதை ஒன்று, சொல்லும் ஒன்று. இருபது மைலுக்குள் அது ஒருவரை உயர்த்துகிறது, இன்னொருவரை வாயடைக்கச் செய்கிறது.

இந்தச் சொல்லின் பிறப்பு மிகவும் கௌரவமானது. இலத்தீன் மொழியில் உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘கொலோனியா’ என்பது உண்டாயிற்று. உரோமானியர் தாம் வென்ற நாடுகளில் குடியேறி அமைத்த ஊர்களுக்கு அந்தப் பெயரை இட்டார்கள். ஜெர்மனியில் கொலோன் என்று ஒரு நகரம் இருக்கிறதே, அதன் பெயரே இதுதான். காய்ச்சல் கண்டவர் நெற்றியில் நம் வீடுகளில் துணியை நனைத்துப் போடும் ஓடிகொலோன், அந்த நகரத்துத் தண்ணீர் என்று பொருள்படுவது. ஆங்கிலேயர் வாயிலாக அச்சொல் நம்மிடம் வந்தது. உத்தியோகஸ்தருக்கு வீடு கட்டினால் அது காலனி. ஆலைத் தொழிலாளருக்குக் கட்டினாலும் காலனி. பின்னர் அரசாங்கம் ஆதிதிராவிட மக்களுக்கு ஊரை விட்டுத் தள்ளி வீடுகள் கட்டிக் கொடுத்தபோது, அவற்றையும் ஆதிதிராவிடர் காலனி என்றே எழுதினார்கள். எழுதியது அப்படி. மக்கள் வாயில் முன்பகுதி உதிர்ந்துவிட்டது. காலனி என்ற பின்பகுதி மட்டுமே நின்றது. இன்று செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பேருந்தில் போனால் இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். ஒன்றின் பெயர் ‘காலனி’. மற்றொன்றின் பெயர் ‘ஊர்’.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், காலனி என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது என்றும், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றும் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்று மாலை சேலையூர் ஏரிப்பக்கம் என்னோடு உலாவ வரும் நண்பர் ஒருவர், “அப்படியானால் நம் இரயில்வே காலனிக்கும் பெயரை மாற்றிவிடுவார்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி வேடிக்கையாகத்தான் கேட்கப்பட்டது. என்னால் உடன் சிரிக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு நான் என் உத்தியோகத்தின் தொடக்க காலத்துக்குப் போக வேண்டும்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று வெளிவந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1989-இல், தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியனாக இருந்தேன். ஆதிதிராவிட மாணவர்களுக்குரிய உதவித்தொகை மனுக்கள் வந்திருந்தன. அவற்றை யார் யாருக்குக் கொடுப்பது என்று அறிய, “எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் சொல்வதுதான் அப்போது ஆசிரியர்கள் வழக்கம். எனக்கு அது கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். எண்ணி, நயமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “காலனிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்றேன்.

முன்வரிசையில் ஒரு பையன் சட்டென்று எழுந்து நின்றான். அவன் அந்த ஆண்டுதான் திருச்சிப் பொன்மலையிலிருந்து வந்து சேர்ந்தவன். தகப்பனார் இரயில்வேயில் கார்டு. குடியிருப்பது இரயில்வே காலனியில். ஆசிரியர் காலனிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார், தான் காலனியில் இருக்கிறோம், ஆகவே எழுந்தான். வகுப்பு முழுதும் கொல்லென்று சிரித்தது. அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “டேய், நீ அந்தக் காலனி இல்லடா, உட்காரு!” என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, எழுந்திருக்க வேண்டிய ஐந்து பேரில் நால்வர் மெல்ல எழுந்து நின்றார்கள். ஐந்தாமவன் எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இரு கைகளாலும் பற்றியபடி உட்கார்ந்திருந்தான். நான் அவன் பெயரைப் பதிவேட்டில் அறிவேன்; அவனும் நான் அறிவேன் என்பதை அறிவான். மறுநாள் தனியே அழைத்தேன். “மனு வேண்டாம் சார்” என்றான். பத்து நாள் கழித்து அவன் தாய் வந்தார். கல் உடைக்கும் வேலை செய்கிறவர். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் அப்போது கல்குவாரிகள் நடந்துகொண்டிருந்தன. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். “காலனின்னு கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டானாம் சார். அவனுக்குப் பேர் இருக்குதில்ல, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வருவான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு வழி சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார். அதற்குள் மனு அனுப்பும் தேதி கடந்துவிட்டது. அந்த ஆண்டு உதவித்தொகை அவனுக்குக் கிடைக்கவில்லை. அதை இழந்தது அவன் பிடிவாதத்தால் என்று தலைமையாசிரியரிடம் நான் சொன்னேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரயில்வே வீட்டுப் பையனும் என்னிடம் வந்தான். “எல்லாரும் ஏன் சார் சிரிச்சாங்க?” என்று கேட்டான். “போய்ப் பாடத்தைப் படி” என்றேன்.

ஒரு சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் ஒன்று. வகுப்பறையில் எழுகிற சிரிப்பில் உள்ள பொருள் மற்றொன்று. இது காலனிக்கு முன்பே நம் சொந்தச் சொல் ஒன்றுக்கு நேர்ந்திருக்கிறது. சேரி என்பதைச் சொல்கிறேன். சேர்ந்து வாழும் இடம் சேரி. கோவலனும் கண்ணகியும் மதுரையின் மதிலுக்கு வெளியே போய்த் தங்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றுதான் பெயர். சோழர் காலத்தில் அந்தணர் ஊர்களின் பகுதிகளும் அரசனின் விருதுப்பெயர்களைத் தாங்கிச் சேரிகள் என்றே வழங்கின. அப்படியானால் முற்காலத்தில் எல்லாம் சமமாக இருந்ததா என்று கேட்டால், அப்படியும் சொல்வதற்கில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விலக்கு இருந்தது. ஆயினும் அந்த விலக்கைச் சொல்ல அன்று ‘தீண்டா’ என்று ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. இன்று அடைமொழி வேண்டியதில்லை. சேரி என்றாலே போதும் என்றாகிவிட்டது.

அதிலும் ஒரு விந்தை. வேளச்சேரியில் மனை வாங்குகிறவர் அந்தப் பெயரில் உள்ள சேரியைக் கவனிப்பதில்லை. கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிபுகுகிறவர் அழைப்பிதழில் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார். பெயரின் வாலாக இருக்கிறவரை அச்சொல்லுக்கு ஒரு தீங்கும் இல்லை. தனியே நின்று ஒரு மனிதனைச் சுட்டும்போதுதான் அது கல்லாகிறது. 2023 நவம்பரில் பொதுவாழ்வில் இருக்கும் ஒருவர் ‘சேரி மொழி’ என்று இகழ்ச்சியாக எழுதினார். எதிர்ப்பு எழுந்தது. அதற்கு அவர், பிரெஞ்சு மொழியில் சேரி என்றால் அன்புக்குரியது என்று பொருள் என விளக்கம் சொன்னார்! வேளச்சேரியையாவது சொல்லியிருக்கலாம்.

பெயரைப் பற்றிய வழக்கு நம் புறநகருக்குப் புதிதன்று. பரங்கிமலை நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் எம். சி. ராஜா. 1883-இல் அங்கே பிறந்தவர். என்னைப்போல் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். சைதாப்பேட்டையில் அவர் பெயரால் மாணவர் விடுதி இருக்கிறது. சென்னைச் சட்டமன்றத்தில் அவர் உறுப்பினராக இருந்தபோது, பறையர், பஞ்சமர் என்ற பெயர்கள் அரசாங்க ஏடுகளில் இருக்கக்கூடாது, ஆதிதிராவிடர் என்றே எழுத வேண்டும் என்று வாதாடினார். 1922-இல் அரசாங்கம் அதை ஏற்று ஆணையிட்டது.

இவருக்கு முன்பே இதே செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் அருகே கோழியாளம் என்ற சிற்றூரில் தோன்றியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லித் தம் மக்களைத் தாழ்த்தினார்களோ, அந்தப் பெயரையே அச்சுக் கோத்துப் பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். ஒருவர் அப்பெயரைத் தலைமேல் தூக்கினார். மற்றவர் ஏட்டிலிருந்து களையச் சொன்னார். இவர்களில் யார் செய்தது சரி என்று பயிற்சிக் கல்லூரி நாட்களில் நாங்கள் விடுதியில் விடிய விடிய வாதம் செய்திருக்கிறோம். இருவர் செய்ததும் சரி என்பது இப்போது என் முடிவு. பெயர் அவர்களுடையது. சூடுவதும் களைவதும் அவர்கள் உரிமை. சீனிவாசன் தம் பத்திரிகைக்குச் சூட்டிவிட்டாரே என்று சொல்லிக்கொண்டு, தெருவில் போகிறவன் அதே பெயரை இன்னொருவர் மேல் எறியக் கூடாது.

காந்தியடிகள் 1932-ஐ ஒட்டி ஹரிஜன் என்ற பெயரைப் பரப்பினார். அவர் உள்ளத்தின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அது வெளியிலிருந்து இடப்பட்ட பெயர். அந்த மக்களில் பலர் அதை ஏற்கவில்லை. அம்பேத்கர் வெளிப்படையாகவே மறுத்தார். நாளடைவில் அந்தப் பெயரும் அழுக்கேறியது. அது இந்நாளில் இழிவுபடுத்தவே பயன்படுகிறது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே கூறிற்று. கடவுளின் மக்கள் என்று பொருள்படும் சொல்லுக்கு இக்கதி!

இதைக் காட்டித்தான் சிலர், “எந்தப் பெயரை வைத்தாலும் முப்பது ஆண்டில் அதுவும் வசையாகிவிடும், ஆகவே மாற்றுவது வீண்” என்று வாதிடுகிறார்கள். வாதத்தின் முற்பாதி உண்மை. அவமதிப்பு சொல்லில் குடியிருப்பதில்லை. அது சொல்லுகிறவன் மனத்திலிருந்து ஏறுகிறது. புதிய சொல்லிலும் ஏறும். ஆனால் பிற்பாதியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சொல் தம்மேல் விழாதவர்களாகவே இருக்கிறார்கள். ஒரு முப்பது ஆண்டுக்கு ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து தன் முகவரியை எழுத முடிந்தால் அது அற்ப விஷயமா? இப்படி வாதிடும் என் உறவினர் ஒருவர் தில்லியில் முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்தவர். அங்கே கடைத்தெருவில் தம்மை ‘மதராசி’ என்று கூப்பிட்டதை இன்றும் மறக்காமல் சொல்லிக் குமுறுவார். மதராஸ்காரரை மதராசி என்பதில் என்ன பிழை என்று நான் கேட்டால், “அவன் சொன்ன தொனியை நீ கேட்டிருக்க வேண்டும்” என்பார்.

தொனி என்பதை இலக்கண ஆசிரியனாகிய நான் சற்று விளக்கலாம். ஒரு சாதிப்பெயர் ‘அர்’ விகுதியோடு ஏட்டில் இருக்கும்போது அது விவரம். ‘அன்’ விகுதி பெற்று எதிரில் நிற்பவரை நோக்கி எறியப்படும்போது அது வேறு. அதோடு ‘பயல்’ சேர்ந்தால் கேட்கவே வேண்டியதில்லை. இத்தனைக்கும் பையல் என்னும் பழஞ்சொல்லின் மரூஉவாகிய பயல், சிறுவனைக் குறிப்பதே. பாட்டி பேரனைக் கொஞ்சும்போதும் வருவதே. தமிழ்நாட்டில் ஒரு கோயில் விழாவில், ஒருவரை அவர் சாதிப்பெயரோடு இந்தப் பயலைச் சேர்த்து அழைத்து, அவர் உண்ணும் உணவையும் சொல்லி இழித்துப் பேசிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஏப்ரல் 19-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அந்தச் சொல் ஒரு சாதியின் பெயர்தான், ஆனாலும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொன்னால் வெறும் சாதிப்பெயரே குற்றம், பயல் சேர்ந்தது இன்னும் பெரிய அவமதிப்பு என்று நீதிபதிகள் கூறினார்கள். அச்சொல்லை இந்த ஒலிபெருக்கியின் முன் உச்சரிக்க எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்பில் அது தமிழிலேயே, ஆங்கில எழுத்தில், நிலைபெற்றிருக்கிறது. நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று கட்டுமரத்தையும் வெற்றிலையையும் பெருமையோடு பட்டியலிடுகிறோம். பறை என்னும் தோற்கருவியோடு தொடர்புடைய குலப்பெயரும் பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கே போய்விட்டது. சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில நாளேடுகள் அதை இன்றும் கூசாமல் எழுதுகின்றன. அந்தப் பட்டியலில் நாம் அதைச் சேர்ப்பதில்லை.

விளையாட்டுத் திடலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் ஓர் ஆசிரியனுக்கு நாட்டின் நிலை தெரிந்துவிடும். நான் ஓய்வு பெறும் காலத்தில் பிள்ளைகள் சட்டை கசங்கியிருந்தால், “என்னடா காலனி மாதிரி வந்திருக்கே” என்றார்கள். உரக்கப் பேசினால், “சேரியாடா நீ?” என்றார்கள். சொன்னவனைப் பிடித்து விசாரித்தால், உண்மையாகவே விழிப்பான். “சும்மா சொன்னேன் சார், அதுக்கு அழுக்குன்னு அர்த்தம்” என்பான். அவன் மனத்தில் பகை கிடையாது. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. அழுக்கு என்பதற்கு ஒரு தெருவின் பெயர் மறுபெயராகிவிட்டது. சொல்லுகிறவனுக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று கேட்ட நான்கு பேரில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவனும் சேர்ந்து சிரிப்பான். மூன்றாம் பாலினத்தாரை ஓர் எண்ணால் குறிப்பதும், காது கேளாதவரின் நிலையை வசையாக்குவதும், அறிவு மயங்கியவரைக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரால் சுட்டுவதும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. திருநங்கை, மாற்றுத்திறனாளி என்ற சொற்கள் நம் கண்முன்னே வந்து நிலைத்தன. அந்த அளவுக்கு நாம் திருந்தியிருக்கிறோம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் உடன்படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் இருக்கக்கூடாது, எந்த ஆசிரியரும் மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ சாதி சுட்டி அழைக்கக்கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் அறைக்கு மாணவரை அழைத்துத் தனியே சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. அந்தக் கடைசிப் பரிந்துரையைப் படித்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நான் தலைமையாசிரியனான பிறகு அவ்வாறு தனியேதான் அழைத்தேன், பெயர் சொல்லித்தான் அழைத்தேன். ஆனால் என் அலுவலக அலமாரியில் இருந்த கோப்பின் மேல் எழுத்தர் ‘காலனி லிஸ்ட்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். அது அங்கே எத்தனையோ ஆண்டு இருந்தது. நாள்தோறும் அந்த அலமாரியைத் திறந்தவன் நான்.

நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இப்போது தெரிகிறது. இரயில்வே காலனியில் குடியிருப்பவர்கள் அந்தப் பெயரை மாற்றும்படி யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு நேரவில்லை.

அறிவிப்பு வந்த அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குளங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணையும் வந்தது. அதன் பிறகு ஒருநாள் பழைய மாணவர் வீட்டுத் திருமணத்திற்காகத் தாம்பரத்திலிருந்து படப்பைச் சாலையில் ஒரு கிராமத்துக்குப் பேருந்தில் போனேன். ஊர் நெருங்கியதும் நடத்துனர் வழக்கம்போல், “காலனி எல்லாம் எறங்கு” என்று குரல் கொடுத்தார். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், புத்தகப்பையை மாட்டிக்கொண்டே, “அம்பேத்கர் நகர்னு சொல்லுங்கண்ணா, போர்டு மாத்தியாச்சு” என்றாள். நடத்துனர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, “சரி தாயி, அம்பேத்கர் நகர் எல்லாம் எறங்கு” என்றார். அவளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். வண்டி ஒரு வயல்வெளியைக் கடந்து, வேப்பமரத்தடியில் நின்றது.

“ஊர் எல்லாம் எறங்கு” என்றார் நடத்துனர். நான் இறங்கினேன்.